வெறும் நெற்றியோடு ஒரு படம்

மகனுக்கு,

இதை நீ எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாய் என்று தெரியும். தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு உன்னை இழுத்துக்கொண்டு போன காலத்தில் நீ காட்டிய முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை. பரவாயில்லை, ஆறுதலாக வாசி. விளங்காத இடத்தில் எனக்குத் தொலைபேசி எடுக்காதே, திரும்ப ஒருமுறை வாசி. ரீமுக்கும் சொல். ஆனால் உன் வழக்கப்படி வெட்டிக் குறைத்துச் சொல்லாதே, உள்ளபடி சொல். கலியாணம் முடியும்வரை உங்கள் இரண்டு பேரையும் தவிர வேறு ஒருவரும் இதைப் பார்க்கக் கூடாது. அதற்குப் பிறகு யார் வாசித்தாலும் எனக்குக் கவலையில்லை, சனம் முழுக்க வாசிக்கட்டும்.

வருகிற சனிக்கிழமை உனக்குக் கலியாணம். காலையில் மாமா வீட்டில் உன் தலையில் பாலும் அறுகம்புல்லும் வைத்து உன்னைக் குளிக்க அனுப்ப வேண்டும். பின்னேரம் மண்டப வாசலில் உன்னையும் ரீமையும் ஆரத்தி எடுத்து உள்ளே கூப்பிட வேண்டும். இதற்கெல்லாம் புருஷன் உள்ள பெண்கள்தான் முன்னுக்கு வரலாம். தாயாக இருந்தாலும் தாலி போனவள் பின்னுக்குத்தான் நிற்க வேண்டும். நல்ல வழக்கமா கெட்ட வழக்கமா என்று நீ என்னோடு சண்டைக்கு வருவாய், அந்தச் சண்டையை வேறொரு நாளைக்கு வைத்துக்கொள்ளலாம். போன ஞாயிற்றுக்கிழமை மாமா டொலார்ட்டிலிருந்து வந்தார். தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே இருந்தார். பிறகு சொன்னார்:

"தங்கச்சி, கேக்கிறன் எண்டு கோவிக்காத. மச்சான் இருக்கிறாரெண்டா நீ முன்னுக்கு நிண்டு எல்லாத்தையும் செய். இல்லையெண்டா செத்தவீட்டுத் துடக்கு. ஒரு வருசத்துக்கு இந்த வீட்டுல கலியாணம் வைக்க ஏலாது. ஒண்டில் இருக்கிறார் எண்டு சொல்லு, இல்லாட்டி இல்லையெண்டு சொல்லு. நடுவில நிண்டுகொண்டு ஆரத்தி எடுக்க ஏலாது."

இத்தனை வருஷமாக என்னிடம் அவர் கேட்காத கேள்வி இது. இப்போது கேட்க வைத்தது ரீம் எடுத்த அந்தப் படம். அதைப் பற்றி நீயும் நானும் கத்தியிருக்கிறோம், கதைக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

ரீமை நீ முதன்முதலில் வீட்டுக்குக் கூட்டிவந்த நாளை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வரும். அரபுப் பிள்ளை, ஈராக்கில் பிறந்தவள், படம் எடுக்கிறவள் என்று மட்டும் சொல்லி வைத்திருந்தாய். கலியாண வீடுகளுக்குப் படம் எடுக்கிறவள் என்று நான் நினைத்துவிட்டேன். "நல்லதுதானே, உங்கட கலியாணத்துக்கு ஆக்களைத் தேடத் தேவையில்ல" என்று சொல்ல, நீ தலையில் கையை வைத்தாய். பிறகு அவளே தன் கைத்தொலைபேசியில் ஒவ்வொன்றாகக் காட்டினாள். தாயின் பழைய சட்டைகளை வெட்டி ஒட்டிச் செய்த ஒரு வரைபடம். அரபியில் எழுதத் தெரியாத அரபுப் பிள்ளைகளின் கையெழுத்துகள். எனக்குப் பாதி விளங்கவில்லை. ஆனால் அவள் என்னிடம் மெதுவான பிரெஞ்சில் கதைத்தாள், நான் தேடித் தேடிச் சொல்லும்வரை பொறுத்திருந்தாள். என்னைக் கால்தி என்று கூப்பிட்டாள். அவர்கள் பாஷையில் சின்னம்மா என்று பின்னர் நீ சொன்னாய். எனக்கு அவளைப் பிடித்துப்போனது, அதை மறைக்கவில்லை.

இந்த வருஷம் அவள் செய்த வேலை அவளுடைய தாயாரில் தொடங்கியது. ஈராக்கில் ஆசிரியையாக இருந்தவரிடம், இங்கே அரசுப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்க வேண்டுமென்றால் தலைத்துணியைக் கழற்ற வேண்டும் என்றார்கள். கழற்ற மாட்டேன் என்று இப்போது ஒரு தனியார் கார்டரியில் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிறார். அந்தக் கோபத்தில் ரீம் ஒரு யோசனை எடுத்தாள். பல நாட்டுப் பெண்களைத் தேடிப் பிடித்து, அவர்கள் தங்களுடையது என்று போட்டிருப்பதைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளச் சொல்லி, முகத்தைப் படமெடுத்து, ஆள் உயரத்துக்குத் துணியில் அச்சடித்துத் தொங்கவிடுவது. தலைத்துணி, சிலுவை, சீக்கியப் பெண்ணின் தலைப்பாகை. கழற்றியும் இவர்கள் இவர்கள்தான், இப்போது என்ன செய்வீர்கள் என்று கேட்பதுதான் அவளுடைய எண்ணம். என்னுடைய பொட்டையும் கேட்டாள்.

அவள் உன்னிடம்தான் முதலில் கேட்டாள். அது என்ன, கழற்றலாமா என்று. நீ என்ன சொன்னாய் என்று பிறகு அவளே எனக்குச் சொன்னாள். "என் அம்மாவின் பொட்டும் உன் அம்மாவின் தலைத்துணி மாதிரித்தான், சமய அடையாளம்" என்று சொன்னாயாம். மகனே, உனக்குத் தெரியாதா?

உன் அப்பா படகு எஞ்சின் திருத்துகிறவர் என்பது உனக்குத் தெரியும். மட்டக்களப்பு வாவிக்கரையில் யாருடைய எஞ்சின் நின்றாலும் அவரைத்தான் தேடி வருவார்கள். அன்றைக்கும் அப்படித்தான் ஒரு வாகனத்தில் வந்தார்கள், எஞ்சின் ஒன்று பார்க்க வேண்டும் என்றார்கள். சோற்றுக்கு முன்னால் இருந்தவர் எழும்பிக் கையைக் கழுவினார். "மூடி வை, வந்து தின்னுறன்" என்று சொல்லிவிட்டு திருத்துகிற சாமான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். வந்தவர்கள் யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நீ அப்போதுதான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தாய். முகாம்களுக்கும் பொலிசுக்கும் போனேன், சிறை வாசல்களில் நின்றேன். எல்லா இடத்திலும் முதலில் என் நெற்றியைத்தான் பார்த்தார்கள். பொட்டு இருந்தால் தேடுகிறவள், இல்லாவிட்டால் முடிந்துபோனவள். அதனால் ஒரு நாளும் பொட்டில்லாமல் நான் வாசலைத் தாண்டவில்லை.

இங்கே வந்து சென்ட் லோரன்ட்டில் மருந்துக் குளிசை பெட்டியில் அடைக்கிற வேலை கிடைத்தது உனக்கு நினைவிருக்கும். நல்ல வேலை, நல்ல சூடான கட்டிடம். அங்கே மோதிரம், தோடு, மை ஒன்றும் கூடாது. ஒட்டுப்பொட்டு கழன்று குளிசைக்குள் விழுந்துவிடும் என்று மேற்பார்வையாளர் சொன்னார். அவர் சொன்னது நியாயம்தான், கெட்ட மனிதர் இல்லை. வாசலில் கழற்றி, வேலை முடிய ஒட்டுங்கள் என்று மற்றப் பெண்களும் சொன்னார்கள். நான் மாட்டேன் என்று எழும்பி வந்து, சட்டை மடிக்கிற கிடங்கில் குளிரில் நின்றேன். நீ கேட்டபோது அந்த வேலை சரிவரவில்லை என்று சொல்லிவிட்டேன். அந்தப் பிடிவாதத்துக்குப் பெயர் சமயம் இல்லை, மகனே. நெற்றியை அழித்தால் அவரை நானே கொன்றதாகிவிடும் என்று நம்பினேன்.

இதையும் சொல்லிவிடுகிறேன். நீ பள்ளிக்கூடப் பிள்ளையாக இருந்தபோது எனக்கு வயிற்று நோவு வந்து ஒரு கிளினிக்குக்குப் போனோம். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் உன்னிடம் என்னைப் பற்றி ஏதோ கேட்டாள். நீ கொஞ்சம் யோசித்துவிட்டு "வெவ்" என்றாய். அவள் என்னைப் பார்த்துத் தலையைச் சாய்த்தாள். அந்தச் சொல்லுக்கு விதவை என்று அர்த்தம் என்று எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது, கிடங்கில் ஹெயிட்டிக்காரி ஒருத்தி தன்னைப் பற்றிச் சொன்னபோது. எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கு உனக்குச் சமைக்கவில்லை. ஏன் என்று உனக்குச் சொல்லவுமில்லை. நீ பாணும் ஜாமும் சாப்பிட்டுவிட்டுப் படுத்தாய். வரிசையில் ஆட்கள் நிற்கிறார்கள், அந்தப் பெண்ணுக்கு ஒரு சொல்லில் பதில் வேண்டும், பிள்ளை என்ன செய்யும் என்று நான் அப்போது யோசிக்கவில்லை. நீ உண்மையில் என்ன நம்பினாய் என்றும் கேட்கவில்லை.

ஆக, ரீம் கேட்டபோது நான் ஏன் சம்மதித்தேன் என்று நீ கேட்கலாம். மாமாவும் கேட்டார். மருமகளுக்கு மறுப்புச் சொல்லக் கூடாது என்று அவருக்குச் சொன்னேன். அது பாதி உண்மை. அவளுடைய வேலை செய்கிற இடம் ஒரு பழைய தையல் தொழிற்சாலை, நீதான் என்னைக் கொண்டுபோய் இறக்கிவிட்டாய். பெரிய யன்னல், ஒரு கதிரை. அவள் ஒன்றும் அவசரப்படுத்தவில்லை. "நீங்களே கழற்றுங்கள் கால்தி, நான் தொட மாட்டேன்" என்றாள். நான் நகத்தால் கிளப்பி எடுத்து உள்ளங்கையில் வைத்தேன். எத்தனையோ வருஷம் பசை பட்டுப் பட்டு அந்த இடத்தில் தோல் வெளுத்து வட்டமாக நிற்கிறது, நீ கண்டிருக்க மாட்டாய். ரீம் அதைக் கண்டாள். கிட்டே வந்து பார்த்தாள். "எடுத்தும் போகவில்லையே" என்று மட்டும் சொன்னாள்.

அந்தக் கதிரையில் இருந்தபோது எனக்கு என்ன நடந்தது என்று நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. நிம்மதியாக இருந்தது. அழுகை வரும் என்று நினைத்துப் போனேன், வரவில்லை. தோளிலிருந்து ஒரு பாரம் இறங்கியது போல மூச்சு நன்றாக வந்தது. கழற்றிய பொட்டில் நூல் ஒட்டிப் பசை போய்விட்டது, திரும்ப ஒட்டவில்லை. கைப்பையில் வேறு பொட்டு இருந்தது. நான் எடுக்கவில்லை. உன்னைக் கூப்பிடாமல் பஸ் ஏறி, வெறும் நெற்றியோடு வீட்டுக்கு வந்தேன். வழியில் டெப்பனர் கடையில் பால் வாங்கினேன். கடைக்காரர் வழக்கம்போல பொன்ஜூர் சொன்னார். ஒருவரும் ஒன்றும் காணவில்லை. அன்றைக்கு இரவு நன்றாக நித்திரை கொண்டேன். காலையில் எழும்பி முகம் கழுவும்போதுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது, அவசரமாக ஒரு புதுப்பொட்டை ஒட்டிக்கொண்டேன். எனக்கு என்னையே பிடிக்கவில்லை.

ஆனியில் கண்காட்சி திறந்தது. சுவரொட்டிக்கு என் முகத்தைத்தான் தெரிந்தெடுத்திருந்தார்கள். அது கைத்தொலைபேசிகளில் ஏறி, மட்டக்களப்புக்குப் போய்ச் சேர ஒரு நாள்கூட எடுக்கவில்லை. தொங்கவிட்ட பெரிய துணியில் நெற்றியின் வெளுத்த வட்டம் நன்றாகத் தெரியும். கைத்தொலைபேசியில் அது தெரியாது. உன் அப்பாவின் அக்கா, மட்டக்களப்பு மாமி, எத்தனை வருஷமாக றோட்டோரப் போராட்டக் கொட்டிலில் காணாமல் போனவர்களின் சொந்தங்களோடு தம்பியின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு இருந்தவர் என்று உனக்குத் தெரியும். வெயிலிலும் மழையிலும் அந்தப் படத்தை இறக்காத மனுஷி. அவர் எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

"மச்சாள், எப்ப செய்தி வந்த? எனக்கு ஒரு சொல்லுச் சொல்லல்லயே."

"ஒரு செய்தியும் வரல்ல மச்சாள்."

"அப்ப ஏன் கா நெத்தி வெறுமையாக் கிடக்கு?"

"அது மருமகள் எடுத்த படம். ஒரு கண்காட்சிக்கு."

"படத்துக்காக ஆரும் பொட்டை அழிப்பாங்களா கா? நீ எனக்கு மறைக்கிறாய். நான் தாங்க மாட்டன் எண்டு மறைக்கிறாய். சரி, விடு."

எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை. நான் என்ன சொன்னாலும் அது அவருக்கு ஆறுதல் வார்த்தையாகவே போய்ச் சேர்ந்தது. ஆடி அமாவாசைக்கு மாமாங்கத் தீர்த்தக் கரையில் தகப்பனை இழந்தவர்கள் கூடுவார்கள். அந்தப் பக்கமே போகாத மாமி, இந்த முறை போய்க் குளித்து, ஐயருக்குத் தம்பியின் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லிப் பிண்டம் வைத்தார். வாழையிலையைப் படமெடுத்து எனக்கு அனுப்பியிருந்தார். கொட்டிலில் இருந்த படத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து மாலை போட்டுவிட்டாராம். இனி அங்கே போவதில்லையாம். ரீமின் யன்னல் வெளிச்சத்தில் நான் கொஞ்ச நேரம் இருந்ததற்கு, உன் அப்பா றோட்டிலிருந்து சுவருக்கு ஏறிவிட்டார்.

அன்றைக்குத்தான் நான் உன்னைக் கூப்பிட்டுக் கத்தினேன். அவளுடைய படமும் நீயும் என்று வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். நீ எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அம்மா, ஸே ஃபினி, முடிஞ்சுது. அப்பா இல்லை. உங்களுக்கும் தெரியும்" என்றாய். நான் தொலைபேசியை வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு நாங்கள் சாப்பாடு, மண்டபம், ஆட்கள் எத்தனை என்று மட்டும்தான் கதைத்திருக்கிறோம்.

உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அடுத்த நாள் ரீம் தனியாக என்னிடம் வந்தாள். நீ இந்த முறையாவது ஒழுங்காக மொழிபெயர்த்திருக்கிறாய் போல, பொட்டு என்றால் என்ன என்று தெரிந்துகொண்டு வந்திருந்தாள். அழுதாள். "படத்தை இறக்கிவிடுகிறேன் கால்தி, சுவரொட்டியையும் எடுக்கச் சொல்கிறேன்" என்றாள். பிறகு அவள் தன் தகப்பனைப் பற்றிச் சொன்னாள். சோதனைச் சாவடி ஒன்றில் இறக்கிக் கொண்டுபோயிருக்கிறார்கள், பிறகு ஒரு தகவலும் இல்லை. பிள்ளைகளோடு நாட்டை விட்டு வெளிக்கிட வேண்டுமென்றால் புருஷன் கையெழுத்து வேண்டும், அல்லது புருஷன் செத்திருக்க வேண்டும். அவளுடைய தாயார் நீதிமன்றத்துக்குப் போய், செத்துவிட்டார் என்ற பத்திரத்தைத் தானே கேட்டு வாங்கினாராம்.

"அம்மா ஒருக்காலும் அதைப் பற்றிக் கதைத்ததில்லை," என்றாள் ரீம். "அவர் ஏன் தலைத்துணியைக் கழற்ற மறுக்கிறார் என்று நான் ஊருக்கெல்லாம் விளக்கம் சொல்கிறேன். உண்மையில் எனக்குத் தெரியாது. எல்லாவற்றையும் கழற்றிக் கொடுத்து முடித்துவிட்டார், இது ஒன்றாவது மிஞ்சட்டும் என்று நினைக்கிறாரோ என்னவோ."

நான் அவளுக்குச் சோறு போட்டேன். வேறு என்ன செய்ய? சாப்பிட்ட பிறகு, படத்தை எனக்குக் காட்டு என்றேன். திறப்பு விழாவுக்கு நான் கிடங்கு வேலை என்று சாட்டுச் சொல்லி வரவில்லை, உனக்கு அது கோபம். அவள் என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். உள்ளே ஆட்கள் இல்லை. துணிகள் காற்றுக்குக் கொஞ்சம் அசைந்துகொண்டிருந்தன. என் முகத்துக்கு முன்னால் நின்றேன். கண்ணாடியில் என்னைப் பார்க்கும்போது நான் பொட்டைத்தான் பார்ப்பேன், முகத்தைப் பார்ப்பதில்லை என்று அங்கேதான் விளங்கியது. துணியில் இருந்தவள் யாரையும் தேடவில்லை. யாருடைய காலடிக்கும் காது கொடுக்கவில்லை. அவள் விதவை, மகனே. புதிதாக ஆனவளுமில்லை, வெகுகாலத்துக்கு முன்பே தெரிந்துகொண்டு, தெரியாதது போல ஒவ்வொரு காலையும் ஒட்டிக்கொண்டு வந்தவள். மாமி கைத்தொலைபேசியில் சரியாகத்தான் பார்த்திருக்கிறார். ரீமிடம், இறக்காதே, இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நீ அவளோடு வாழப்போகிறாய். தகப்பன் இல்லாத இரண்டு பேர், இரண்டு பேருக்கும் கல்லறை கிடையாது. அவள் எதையாவது கேட்டால் ஒரு சொல்லில் பதில் சொல்லி முடித்துவிடாதே. அந்தப் பழக்கத்தை உனக்குப் பழக்கியது நான்தான், எனக்குப் பதிலாக நீ கண்ணாடிக்கு முன்னால் நின்றாய். அவளுடைய தாயாரும் சனிக்கிழமை வருகிறார் என்று கேட்டுச் சந்தோஷப்பட்டேன். அவரை என் பக்கத்தில் இருத்து. எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவாக நாலு பிரெஞ்சுச் சொல்தான் இருக்கும், போதும்.

மாமாவுக்கு நான் பதில் சொல்லிவிட்டேன். "இருக்கிறார் அண்ணை" என்றேன். அவர் ஆறிப்போன தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பினார். அவர் நம்பவில்லை, எனக்கும் தெரியும். ஆனால் என் வாயால் சொல்லும்வரை இந்த வீட்டில் துடக்கு இல்லை. அதனால் சனிக்கிழமை உன் தலையில் பாலறுகு நான்தான் வைப்பேன். மண்டப வாசலில் ஆரத்தித் தட்டை நான்தான் பிடிப்பேன். பெரிய குங்குமப் பொட்டாக வைத்துக்கொண்டு நிற்பேன், ஆராவது குசுகுசுத்தால் நிமிர்ந்து பார்ப்பேன். மகனுடைய கலியாணம் முடியும்வரை அவர் உயிரோடு இருக்கட்டும். அவ்வளவு நேரத்தை என்னால் அவருக்குக் கொடுக்க முடியும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் முகம் கழுவிவிட்டு உனக்குத் தொலைபேசி எடுப்பேன். அப்பா செத்துப்போனார் என்று சொல்வேன். உனக்குத் தெரியும் என்று சொல்லாதே. இப்போதுதான் கேள்விப்படுகிறவன் மாதிரிக் கேள். புதுமாப்பிள்ளை, புதுப்பெண் செத்த வீட்டுக்குப் போகக் கூடாது என்று மாமா மறிப்பார். நீ ரீமையும் கூட்டிக்கொண்டு வா. அப்பா வருவார், அப்பா வருவார் என்று சொல்லிச் சொல்லி, ஒரு நாளும் உன்னை அவருக்காக அழ நான் விடவில்லை. வந்து என் பக்கத்தில் இருந்து அழு, மனே.

அம்மா